கோவிட்-19 காலத்து வானூர்திக் கட்டண மீளளிப்புச் சிக்கல்

கோவிட்-19 காலத்து வானூர்திக் கட்டண மீளளிப்புச் சிக்கல் என்பது, 2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றினால் உலகெங்கும் வானூர்திப் பயணங்கள் இரத்துச் செய்யப்பட்டபோது, பயணிகள் முன்கூட்டியே செலுத்தியிருந்த கட்டணத்தைத் திரும்பப் பெறுவதில் எழுந்த சட்ட, பொருளியல் சிக்கலைக் குறிக்கும். செலுத்திய பணத்தைத் திருப்பித் தருவது மீளளிப்பு எனப்படும். இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்றிலும், நிறுவனமே பயணத்தை இரத்துச் செய்தால் பயணிக்கு மீளளிப்பு வழங்க வேண்டும் என்னும் விதி பெருந்தொற்றுக்கு முன்னரே இருந்தது. எனினும் பல நிறுவனங்கள் பணத்துக்கு மாற்றாக, பின்னாளில் பயன்படுத்தக்கூடிய வவுச்சர்களையே வழங்கின. அதனால் பயணிகள் பலர் மாதக்கணக்கிலும் சிலர் ஆண்டுக்கணக்கிலும் காத்திருந்தனர். விதி இருந்தும் பணம் உரிய காலத்தில் கிடைக்காமற் போனதற்கான காரணங்களும், அதனால் பின்னர் ஏற்பட்ட சட்ட மாற்றங்களும் நுகர்வோர் உரிமை பற்றிய ஆய்வுகளில் முக்கிய இடம் பெறுகின்றன.

முன்பணமும் வானூர்தித் தொழிலும்

வானூர்திப் பயணச்சீட்டின் விலை, பயணத்துக்குப் பல வாரங்கள் அல்லது மாதங்கள் முன்னரே முழுமையாகச் செலுத்தப்படுகிறது. கணக்கியலில் இப்பணம் நிறுவனத்தின் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. சேவை வழங்கப்படும் வரை அது ஒரு கடப்பாடாகவே பதியப்படுகிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் இப்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே எரிபொருள், ஊதியம், வானூர்திகளுக்கான குத்தகை போன்ற அன்றாடச் செலவுகளுக்கு நிறுவனங்கள் இப்பணத்தையே பயன்படுத்துகின்றன. நாளை பயணம் செய்பவர் செலுத்திய தொகையைக்கொண்டு இன்றைய பயணம் நடத்தப்படுகிறது எனலாம்.

புதிய பதிவுகள் தொடர்ந்து வரும்வரை இம்முறையில் இடர் வெளிப்படுவதில்லை. 2020 மார்ச் மாதத்தில் புதிய பதிவுகள் ஏறக்குறைய நின்றுபோயின. அதே நேரத்தில் பழைய பதிவுகளுக்கான பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலையும் ஏற்பட்டது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் வானூர்தி நிறுவனங்கள் திருப்பித் தரவேண்டிய தொகை சுமார் 35 பில்லியன் அமெரிக்க டாலர் என்று பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கம் (ஐயாட்டா) மதிப்பிட்டது. அச்சங்கத்தின் கணக்குப்படி, 2020 ஏப்ரலில் உலக வானூர்திப் பயணத் தேவை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.3 விழுக்காடும், 2020 ஆண்டு முழுவதும் 2019 ஐவிட 65.9 விழுக்காடும் குறைந்தது.

இரத்துச் செய்தவர் யார்?

மீளளிப்பு உரிமை பெரும்பாலும் பயணத்தை இரத்துச் செய்தவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. மூன்று நிலைகளை வேறுபடுத்திப் பார்க்கலாம்.

1. நிறுவனம் இரத்துச் செய்தல்: சேவை வழங்கப்படாததால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கவேண்டும். மீளளிப்பற்றவை என விற்கப்பட்ட மலிவுவிலைச் சீட்டுகளுக்கும் இது பொருந்தும். இரத்துக்கான காரணம் நிறுவனத்தின் பிழையா இல்லையா என்பது இங்கு முக்கியமன்று.

2. பயணி இரத்துச் செய்தல்: சீட்டு வாங்கியபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகள் பொருந்தும். நோய்த்தொற்றுக்கு அஞ்சிப் பயணத்தைக் கைவிட்டவர்களும் பொதுவாக இவ்வகையிலேயே சேர்க்கப்பட்டனர்.

3. வானூர்தி பறந்தும் பயணி செல்ல இயலாமை: எல்லை மூடல், நுழைவுத் தடை, தனிமைப்படுத்தல் போன்ற அரசு ஆணைகளால் இந்நிலை ஏற்பட்டது. பல நாடுகளின் சட்டங்களில் இதற்குத் தெளிவான விடை இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டினால், பயணத்தைக் கைவிட முடிவு செய்தவர்கள் உடனே தாமாக இரத்துச் செய்யாமல், நிறுவனம் இரத்துச் செய்யும் வரை காத்திருப்பதே நல்லது என்று நுகர்வோர் அமைப்புகள் 2020 இல் அறிவுறுத்தின. ஒரே வானூர்தியில் செல்லவிருந்த இருவருள், முந்தைய நாள் தாமாக இரத்துச் செய்தவர் கட்டணத்தை இழக்க, காத்திருந்தவர் முழுப் பணத்துக்கும் உரியவரானார்.

வவுச்சர் முறை

பணத்துக்கு மாற்றாக வழங்கப்பட்ட வவுச்சர், அதே நிறுவனத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டும் பயன்படுத்தத்தக்க வரவாகும். இந்தியாவில் இது கிரெடிட் ஷெல் என்ற பெயரால் அறியப்பட்டது. நிறுவனத்தைப் பொறுத்தவரை வவுச்சர் என்பது பயணியிடமிருந்து பெற்ற வட்டியற்ற கடனைப் போன்றது. கையிருப்பு குறையாமல் காலம் கடத்த அது உதவுகிறது. பயணியைப் பொறுத்தவரை பின்வரும் இடர்கள் உள்ளன.

* வேலையோ வருமானமோ இழந்தவருக்கு உடனடித் தேவை பணமே அன்றி இன்னொரு பயணம் அன்று.
* வவுச்சரின் காலம் முடிந்தால் அதன் மதிப்பு முழுவதும் இழக்கப்படலாம்.
* பின்னாளில் அதே பயணத்துக்கான கட்டணம் உயர்ந்திருக்கலாம்.
* நிறுவனம் நொடித்தால் வவுச்சர் வைத்திருப்பவர் பிணையற்ற கடன்கொடுத்தோருள் ஒருவராகிவிடுகிறார்.

விருப்பப்பட்டு ஏற்கும் பயணிக்கு வவுச்சர் பயனுள்ளதாகவும் இருந்தது. சில நிறுவனங்கள் செலுத்திய தொகையைவிடக் கூடுதல் மதிப்புள்ள வவுச்சர்களை வழங்கின. ஆகவே பயணியின் ஒப்புதல் பெறப்பட்டதா என்பதே பல நாடுகளில் வழக்குகளின் மையமாக அமைந்தது.

இந்தியா

2020க்கு முந்தைய விதிகள்

இந்தியாவில் குடிசார் வான்போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் தலைமை இயக்ககம் (டி.ஜி.சி.ஏ.), வானூர்திப் பயணச்சீட்டு மீளளிப்புப் பற்றிய விதிகளை 2008 இல் வெளியிட்டது. அவை 2016 இல் திருத்தப்பட்டன. திருத்தப்பட்ட விதிகளின் முக்கியக் கூறுகள்:

* கடன் அட்டை மூலம் செலுத்திய பணம் 7 நாட்களுக்குள் திருப்பித் தரப்படவேண்டும்.
* இரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைவிட மிகுதல் கூடாது.
* அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காத சலுகைச் சீட்டுகளுக்கும் வரிகளும் வானூர்தி நிலையக் கட்டணங்களும் திருப்பித் தரப்படவேண்டும்.
* முகவர் மூலம் வாங்கிய சீட்டுக்கும் மீளளிப்புப் பொறுப்பு வானூர்தி நிறுவனத்தையே சாரும்.
* பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பமே. நிறுவனம் அதைத் தன் இயல்பான நடைமுறையாகக் கொள்ளலாகாது.

பொது முடக்கம்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொது முடக்கம் தொடங்கியது. உள்நாட்டு வானூர்திச் சேவைகள் அன்று முதல் நிறுத்தப்பட்டன. பன்னாட்டுச் சேவைகள் அதற்குச் சில நாட்கள் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தன. மேற்கண்ட விதி இருந்தபோதும், நிறுவனங்கள் பயணிகளின் பணத்தைக் கிரெடிட் ஷெல்லுக்கு மாற்றின.

குடிசார் வான்போக்குவரத்து அமைச்சகம் 2020 ஏப்ரல் 16 அன்று ஒரு குறிப்பாணை வெளியிட்டது. முதற்கட்டப் பொது முடக்கக் காலத்தில் (மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை) பதிவுசெய்யப்பட்ட, மே 3 வரையிலான பயணங்களுக்கான சீட்டுகளுக்கு, இரத்துக் கட்டணமின்றி மூன்று வாரங்களுக்குள் முழுப் பணமும் தரப்படவேண்டும் என்று அது கூறியது. ஆனால் பொது முடக்கம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே சீட்டு வாங்கியிருந்தவர்களைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் இவ்வகையினரே. வெளிநாடு வாழ் இந்தியரின் நலனுக்காகச் செயற்படும் பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

நீதிபதிகள் அசோக் பூஷன், ஆர். சுபாஷ் ரெட்டி, எம். ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. அரசும் நிறுவனங்களும் கலந்து பேசி உருவாக்கிய திட்டத்தை நீதிமன்றம் ஏற்று ஆணையாக்கியது. அதன் சுருக்கம் வருமாறு:

* பொது முடக்கக் காலத்தில் (2020 மார்ச் 25 முதல் மே 24 வரை) அதே காலத்துக்குள் பயணம் செய்வதற்காகப் பதிவுசெய்யப்பட்ட சீட்டுகளுக்கு முழுப் பணமும் உடனடியாகத் தரப்படவேண்டும்.
* பொது முடக்கத்துக்கு முன் வாங்கப்பட்ட, மே 24 வரையிலான பயணச்சீட்டுகளுக்கு 15 நாட்களுக்குள் பணம் தரப்படவேண்டும்.
* நிதி நெருக்கடியால் அவ்வாறு தர இயலாத இந்திய நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லத்தக்க கிரெடிட் ஷெல் வழங்கலாம். பயணி அதை வேறொருவருக்கு மாற்றித் தரலாம்.
* கிரெடிட் ஷெல்லின் மதிப்பு, இரத்தான நாளிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு 0.5 விழுக்காடும், அதன்பின் 2021 மார்ச் 31 வரை மாதத்துக்கு 0.75 விழுக்காடும் உயர்த்தப்படவேண்டும்.
* அக்காலம் முடிந்தும் பயன்படுத்தப்படாத தொகை பணமாகத் திருப்பித் தரப்படவேண்டும்.
* முகவர் மூலம் வாங்கிய சீட்டுகளுக்கான பணத்தை முகவர் உடனடியாகப் பயணிக்கு அளிக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்ச் சீட்டு 2020 ஏப்ரல் 1 அன்று இரத்தானதாகக் கொண்டால், ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கு 150 ரூபாயும், அடுத்த ஒன்பது மாதங்களுக்கு 675 ரூபாயும் சேர்ந்து 825 ரூபாய் கூடும். காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை இத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. மறுபுறம், பணமாகவே பெறும் உரிமை பயணிக்கு இருந்தும், நிறுவனத்தின் நிதி நிலையைக் காரணமாகக் கொண்டு அதனை ஆறு மாதங்கள் தள்ளிப்போடவும் இது இடமளித்தது.

முகவர் வழிப் பதிவுகள்

இணைய முகவர்கள் மூலம் வாங்கிய சீட்டுகளில் சிக்கல் நீண்டது. பயணி முகவருக்கும், முகவர் வானூர்தி நிறுவனத்துக்கும் பணம் செலுத்தியிருந்ததால், மீளளிப்பும் அதே வழியில் திரும்பவேண்டியிருந்தது. பணம் தம்மிடம் வரவில்லை என்று முகவரும், முகவரின் கணக்கில் சேர்த்துவிட்டதாக வானூர்தி நிறுவனமும் கூறும் நிலை பல பதிவுகளில் ஏற்பட்டது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இது பற்றிப் பல பயண இணையத்தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. யாத்ரா நிறுவனம் குறித்து 2024 ஜூன் 27 அன்று அது வெளியிட்ட ஆணையின்படி, 2021 இல் அந்நிறுவனத்தில் மீளளிப்பு நிலுவையிலிருந்த பதிவுகள் 36,276 ஆகும். அவற்றின் மதிப்பு 26 கோடி ரூபாய்க்கும் மேல். 2024 ஜூனில் அது 4,837 பதிவுகளாகவும் சுமார் 2.52 கோடி ரூபாயாகவும் குறைந்திருந்தது. பொது முடக்கம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் நிலுவை முற்றிலும் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

தொடருந்துச் சீட்டுகள்

இதே காலத்தில் இந்திய இரயில்வேயும் பயணிகள் தொடருந்துகளை நிறுத்தியது. இரத்தான தொடருந்துகளுக்கான இணையவழிச் சீட்டுகளுக்குப் பயணி விண்ணப்பிக்காமலேயே முழுப் பணமும் அவரது கணக்குக்குத் திரும்பியது. நிலைய முகப்பில் வாங்கிய சீட்டுகளை நேரில் ஒப்படைக்கவேண்டியிருந்ததால், அதற்கான காலவரம்பு ஆறு மாதங்களாகவும் பின்னர் ஒன்பது மாதங்களாகவும் நீட்டிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 261/2004 எண் ஒழுங்குவிதியின்படி, இரத்தான பயணத்தின் கட்டணத்தை ஏழு நாட்களுக்குள் பணமாகத் தரவேண்டும். பயணி கையொப்பமிட்டு ஒப்புதல் அளித்தால் மட்டுமே வவுச்சர் வழங்கலாம். அசாதாரணச் சூழலில் 250 முதல் 600 யூரோ வரையிலான இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரும் கடமையிலிருந்து விலக்கு இல்லை.

2020 ஏப்ரல் இறுதியில் இக்கடமையைத் தற்காலிகமாகத் தளர்த்தவேண்டும் என்று உறுப்பு நாடுகள் பல கோரின. ஐரோப்பிய ஆணையம் அதனை ஏற்கவில்லை. மாறாக, 2020 மே 13 அன்று வெளியிட்ட பரிந்துரையில், பயணிகள் விரும்பி ஏற்கும் வகையில் வவுச்சர்களைக் கவர்ச்சியாக்குமாறு கூறியது. அவை குறைந்தது 12 மாதங்கள் செல்லத்தக்கவையாகவும், நிறுவனம் நொடித்தாலும் காப்புடையவையாகவும், பயன்படுத்தப்படாவிடில் பணமாக மாற்றத்தக்கவையாகவும் இருக்கவேண்டும் என்பது அப்பரிந்துரையாகும்.

தொகுப்புச் சுற்றுலாக்களுக்கு 2015 ஆம் ஆண்டின் தனிப் பணிப்புரை பொருந்தும். அதன்படி 14 நாட்களுக்குள் பணம் தரப்படவேண்டும். பிரான்சு 2020 மார்ச் 25 அன்று பிறப்பித்த அவசரச் சட்டத்தின் மூலம், பணத்துக்கு மாற்றாக 18 மாத வவுச்சர் வழங்க அமைப்பாளர்களை அனுமதித்தது. இரு நுகர்வோர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 2023 ஜூன் 8 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதனை ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மீளளிப்பு என்பது பணத்தையே குறிக்கும் என்றும், பெருந்தொற்றைக் காரணங்காட்டி அதனைப் பொதுவாக நிறுத்திவைக்க இயலாது என்றும் அது விளக்கியது.

ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2021 இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, நெருக்கடியின்போது பயணிகளின் முக்கிய உரிமைகள் காக்கப்படவில்லை என முடிவு செய்தது. அரசுகள் வானூர்தி நிறுவனங்களுக்குப் பெருந்தொகையை உதவியாக வழங்கின. லுஃப்தான்சாவுக்கு மட்டும் 9 பில்லியன் யூரோ உதவித் திட்டம் வகுக்கப்பட்டது. எனினும் பயணிகளுக்கு உரிய காலத்தில் பணம் தருவது இவ்வுதவிகளின் நிபந்தனையாகப் பொதுவில் ஆக்கப்படவில்லை. 2021 செப்டம்பரில் 16 வானூர்தி நிறுவனங்கள் இனி ஏழு நாள் வரம்பைக் கடைப்பிடிப்பதாக ஆணையத்திடம் உறுதியளித்தன.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரல் 3 அன்று விடுத்த அறிவிப்பில், அரசு ஆணைகளால் பயணம் இரத்தானாலும் மீளளிப்புக் கடமை நீங்குவதில்லை என்று நினைவூட்டியது. அத்துறைக்கு 2020 இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மீளளிப்புப் பற்றியவை.

2022 நவம்பர் 14 அன்று ஆறு நிறுவனங்கள் மீது எடுத்த நடவடிக்கைகளை அத்துறை அறிவித்தது. அந்நிறுவனங்கள் பயணிகளுக்குத் திருப்பித் தந்த தொகை 600 மில்லியன் டாலருக்கும் மேல். அவற்றுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 7.25 மில்லியன் டாலர் ஆகும். ஏர் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அது 121.5 மில்லியன் டாலரைத் திருப்பித் தந்ததோடு 1.4 மில்லியன் டாலர் அபராதமும் செலுத்த நேர்ந்தது. இம்முறையீடுகள் எழுந்தபோது ஏர் இந்தியா இந்திய அரசுக்குச் சொந்தமாக இருந்தது.

அட்டையும் காப்புறுதியும்

நிறுவனம் பணம் தர மறுத்தபோது பயணிகள் வேறு வழிகளையும் நாடினர். அட்டை வழங்கிய வங்கியிடம் சேவை கிடைக்கவில்லை என முறையிட்டுத் தொகையை மீட்பது சார்ஜ்பேக் எனப்படும். இது அட்டை நிறுவனங்களின் விதிகளால் அமைந்த வசதி. இதற்குக் காலவரம்பு உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் இதனினும் வலுவானது. அதன் 75 ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருள் அல்லது சேவையைக் கடன் அட்டையால் வாங்கும்போது, விற்பவரோடு அட்டை நிறுவனத்தையும் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது.

பயணக் காப்புறுதி பலருக்குக் கைகொடுக்கவில்லை. பல ஒப்பந்தங்கள் பெருந்தொற்றை விலக்கியிருந்தன. நோய்ப் பரவல் அறியப்பட்ட நிகழ்வான பின்னர் வாங்கிய காப்புறுதிகளும், அச்சத்தினால் பயணத்தைக் கைவிட்டோரின் கோரிக்கைகளும் பொதுவாக ஏற்கப்படவில்லை.

நிறுவனம் நொடிக்கும்போது

மீளளிப்பு உரிமையின் எல்லை, நிறுவனமே நொடிக்கும்போது தெளிவாகத் தெரிகிறது. 2019 செப்டம்பர் 23 அன்று பிரித்தானியாவின் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது, தொகுப்புச் சுற்றுலா வாங்கியோரை 1973 இல் தொடங்கப்பட்ட அட்டால் காப்புத் திட்டம் பாதுகாத்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் சேவையை நிறுத்தியபோதும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நொடிப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்துச் சேவையை நிறுத்தியபோதும், பயணிகளுக்கு அத்தகைய காப்பு நிதி எதுவும் இருக்கவில்லை. அவர்கள் வங்கிகளுக்கும் பிற கடன்கொடுத்தோருக்கும் இடையே தம் உரிமையைக் கோரவேண்டியிருந்தது.

பின்விளைவுகள்

ஐக்கிய அமெரிக்கா 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதி, பயணி கேட்காமலேயே மீளளிப்பு நடைபெறவேண்டும் என்று வகுத்தது. கடன் அட்டைக்கு 7 வேலை நாட்களும் பிற வழிகளுக்கு 20 நாட்களும் வரம்பாக்கப்பட்டன. உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரமும் பன்னாட்டுப் பயணத்தில் 6 மணி நேரமும் மாறினால் அது குறிப்பிடத்தக்க மாற்றமாகும் என்று அவ்விதி முதன்முறையாக வரையறுத்தது. ஐரோப்பிய ஆணையம் 2023 நவம்பரில், தொகுப்புச் சுற்றுலாக்களுக்கான வவுச்சர்களுக்கு நொடிப்புக் காப்பு அளிக்கும் திருத்தத்தை முன்மொழிந்தது.

முன்பணத்தைத் தனிக் கணக்கிலோ பொறுப்புரிமையிலோ வைக்கும் முறை இச்சிக்கலின்போது பலரால் வலியுறுத்தப்பட்டது. அவ்வாறு செய்தால் நிறுவனங்களின் செலவு கூடி, பயணக் கட்டணமும் உயரும் என்பது வானூர்தி நிறுவனங்களின் வாதம். மேற்கண்ட சட்ட மாற்றங்கள் பணம் எத்தனை நாட்களில், எவ்வடிவில் திரும்பவேண்டும் என்பதைத் தெளிவாக்கின. பயணம் நிகழும்வரை அப்பணம் எங்கே இருக்கவேண்டும் என்னும் கேள்வியை அவை வானூர்திச் சீட்டுகளைப் பொறுத்தவரை தொடவில்லை.

இவற்றையும் பார்க்க

* கோவிட்-19 பெருந்தொற்று
* நுகர்வோர் உரிமை
* பயணக் காப்புறுதி
* நொடிப்பு நிலை
* இந்திய இரயில்வே